இதையும் ஒரு தடவ பாரும்மா

எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு, அடடா, எவ்வளவு நல்ல குடும்பம் என்று தோன்றும். உள்ளே இருந்து பார்த்தால்தான் அந்த வயிற்றெரிச்சல் புரியும்.

அப்பா தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் விற்பனையாளர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அங்கேதான். அந்தத் தொழிலில் 'இல்லை' என்ற சொல் வாயில் வரவே கூடாது. மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் கேட்டு ஒருவர் வந்து, அது கடையில் இல்லையென்றால், எலுமிச்சை மஞ்சளை எடுத்து விரிக்க வேண்டும். "இதையும் ஒரு தடவ பாருங்கம்மா." அது பிடிக்கவில்லையா, இன்னொன்று. தான் கேட்டது என்ன என்று வந்தவருக்கே மறந்துபோகும் வரை விரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்பா இதில் பலே கெட்டிக்காரர். அவர் முன்னால் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு எழுந்து போனவர்கள் குறைவு. அந்த வித்தையை ஒருநாள் என்னிடமும் காட்டுவார் என்று நான் நினைக்கவில்லை.

பொறியியல் முடிக்கிற வருடம் எனக்கு இரண்டு வாய்ப்புகள் வந்தன. ஒன்று, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனி. கல்லூரிக்கே வந்து தேர்ந்தெடுத்தார்கள். முதல் மாதச் சம்பளமே அப்பாவின் சம்பளத்தைத் தாண்டிவிடும். இன்னொன்று ராணுவம். அதிகாரிப் பணிக்கு நானாக விண்ணப்பித்திருந்தேன். வெளியூரில் பல நாள் தேர்வு. ஓட வைத்தார்கள், கயிற்றில் ஏற வைத்தார்கள், கடைசியில் நேர்காணல். ஏன் ராணுவம் என்று கேட்டார்கள். நானும் தேசம், சேவை என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். எதிரே இருந்த அதிகாரி, "நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை" என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கோ அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. என் முகத்துக்கு நேராக ஒரு மனிதர் நம்பவில்லை என்று சொல்கிறார். அதன் பிறகு உண்மையைச் சொன்னேன். "எங்கள் வீட்டில் யாரும் நேராகப் பேச மாட்டார்கள், சார். கல்லூரியில் தேசிய மாணவர் படையில் இருந்தபோது, அங்கே நேராகப் பேசினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது." அவர் லேசாகச் சிரித்தார். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வரிசையில் நானும் நின்றேன்.

ஆனால் அடுத்து நடந்த உடல்தகுதிப் பரிசோதனையில் எடை அதிகம் என்று நிறுத்திவிட்டார்கள். தற்காலிகத் தகுதியின்மை. சில வாரம் கழித்துச் சென்னையிலேயே மறுபரிசோதனை, அதற்குள் குறைத்துவிட்டால் அழைப்பு உறுதி என்றார்கள். கம்பெனியில் சேர வேண்டிய நாளும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் வந்தது.

மேற்கு மாம்பலம் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்டியா? சரி, கைய கழுவிக்கினு வா, தோச ஊத்துறேன்" என்றாள். அப்பா டி.வி.யை அணைத்துவிட்டு, "நல்லதும்மா" என்றார். அவ்வளவுதான். பெரிய சண்டைக்குத் தயாராகி ரயிலெல்லாம் வசனம் யோசித்துக்கொண்டு வந்தவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. சம்மதித்துவிட்டார்கள் என்று நம்பி அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன், முட்டாள் மாதிரி.

மறுநாளே ஆரம்பித்தது. அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து, "ஒடம்ப கொற, மாப்ள வூட்டுக்காரங்க இன்னா சொல்வாங்க" என்று என் காபியில் சர்க்கரையை நிறுத்தியவள் அவள். சோற்றை அளந்து போட்டவள். உறவுக்காரர்கள் முன்னால் என் இடுப்பைக் கிள்ளிக் காட்டியவள். அதே அம்மா இப்போது தோசையில் நெய்யை ஊற்றுகிறாள். "இன்னாடி இது, கன்னமெல்லாம் ஒட்டிப் போய்க் கீது?" என்கிறாள். என் கன்னம் எங்கேயும் ஒட்டவில்லை, இன்றுவரை ஒட்டியதில்லை. கல்யாணத்துக்குக் குறைக்க வேண்டிய எடையை ராணுவத்துக்குக் குறைக்கக் கூடாதாம். இதை அவள் வாயால் சொன்னாளா என்றால், அதுதான் இல்லை. நெய்யை மட்டும் ஊற்றினாள்.

அவளுக்கு ராணுவம் என்றால் பனிமலை. பயிற்சி பரங்கிமலையில்தான் என்று எத்தனையோ தடவை சொன்னேன். மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் சைதாப்பேட்டை, கிண்டி, அடுத்தது பரங்கிமலை. தாம்பரம் போகிறவர்கள் எல்லாரும் தாண்டிப் போகிற இடம். "தெரியும்டி" என்பாள். சொல்லிவிட்டு, குளிர் தாங்க உடம்பில் தெம்பு வேண்டாமா என்று இன்னொரு கரண்டி போடுவாள்.

அடையாறில் இருக்கும் அத்தை, அப்பாவின் தங்கை, நான் தேர்வானதைக் கொண்டாட விருந்து வைத்தாள். பிரியாணி, வறுவல், இனிப்புக்குப் பிர்னி. எடை குறைக்க வேண்டிய பெண்ணுக்கு எடையைக் குறைக்கச் சொன்னதைக் கொண்டாட பிரியாணி. மாமா எனக்கு விறைப்பாக சல்யூட் அடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். "நம்ம குடும்பத்துலேருந்து நாட்டுக்கு ஒரு பொண்ணு" என்றார். அவர் மகன் வெளிநாட்டில் இருக்கிறான், அவனை அனுப்புவீர்களா என்று கேட்க வாய் வரை வந்தது. தட்டில் இன்னொரு துண்டு விழுந்ததும் அதைத் தள்ளி வைக்கிற வேலையே சரியாக இருந்தது.

அப்பாவின் வழி வேறு. கடை திறக்க நேரமாகும் என்பதால் காலையில் என்னோடு நடக்க வந்தார். ரயில் நிலைய மேம்பாலம் ஏறி இறங்கி, ரங்கநாதன் தெரு வழியாகப் பனகல் பூங்காவுக்குப் போவோம். அந்த நேரத்தில் அந்தத் தெருவில் கூட்டமே இருக்காது. ஷட்டர்கள் மூடியிருக்கும், தண்ணீர் தெளித்திருப்பார்கள். பேசுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அப்பா பேசுவார்.

"வங்கியில ஆபீசர் வேலைக்கு ஆள் எடுக்குறாங்களாம். இதையும் ஒரு தடவ பாரும்மா."

"பாத்தேன்ப்பா. வேணாம்."

"சரிம்மா."

அடுத்த நாள் சுங்கத்துறை. அதிலும் சீருடை உண்டாம். அதற்கடுத்த நாள் மேல்படிப்பு. பிறகு ஐ.ஏ.எஸ். பயிற்சி, மயிலாப்பூரில் நல்ல இடம் இருக்கிறதாம், கடைக்கு வரும் ஓர் அம்மாவின் மருமகன் நடத்துகிறாராம். ஒவ்வொன்றையும் மடிப்பு கலையாமல் எடுத்து என் முன்னால் விரித்தார். வேண்டாம் என்றால் முகம் சுளிக்கவில்லை, அடுத்ததை எடுத்தார். பூங்காவைச் சுற்றி முடித்ததும் ஒரு காபி என்று ஓட்டலுக்குள் கூட்டிப் போவார். காபி வருவதற்குள் பொங்கல் வந்துவிடும், வடையோடு. நடந்து கரைத்ததை அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டு வீடு வருவோம்.

அவருடைய வார விடுமுறை நாள் ஒன்றில் காலையிலேயே கிளம்பிப் போனவர், மத்தியானம் வியர்த்து வழிய வந்தார். கேட்டால், என் கம்பெனியைப் பார்த்துவிட்டு வருகிறாராம். உள்ளே விடவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார்.

"நல்ல சேர் போட்டிருக்காங்கம்மா. சக்கரம் வச்சது. சாஞ்சுக்கலாம்போல."

"சேரைப் பாத்தா வேலைக்குப் போவாங்க?" என்று எரிந்து விழுந்தேன். அவர் கால் கழுவப் போனார்.

அப்பாவின் கால்களைப் பற்றிச் சொல்லவில்லை. முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலமாகப் புடைத்துச் சுருண்டிருக்கும். கடையில் வேலை செய்கிறவர்கள் உட்காரக் கூடாது என்பதுதான் அவர் சேர்ந்த நாளிலிருந்து வழக்கம். இப்போது சட்டம் வந்துவிட்டது, பிரிவுக்குப் பிரிவு நாற்காலி போட்டிருக்கிறார்கள். அப்பா அதில் உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. கேட்டால், "கஸ்டமர் வரும்போது எந்திரிக்கணும்ல, அதுக்கு நின்னுடலாம்" என்பார்.

உண்மையில் எனக்கும் கம்பெனி வேலை ஒன்றும் கசக்கவில்லை. அந்தச் சம்பளம் வந்தால் அப்பாவைக் கடையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று நான் கணக்குப் போடாத நாளில்லை. ராணுவத்திலும் சம்பளம் உண்டுதான், ஆனால் பயிற்சி முடிய வேண்டும், எங்கே போடுவார்களோ அங்கே போக வேண்டும், அப்பாவைப் பிடிவாதமாக வீட்டில் உட்கார வைக்க நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். அதனால் ஒருநாள் பூங்காவிலேயே நின்று நேராகக் கேட்டேன்.

"நான் கம்பெனிலயே சேந்துடுறேன்ப்பா. நீங்க கடைய விட்டுடுவீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த நிமிடமே முடிந்திருக்கும். மெடிக்கலாவது மண்ணாவது என்று விட்டிருப்பேன். அப்பா என்னைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார்.

"பாக்கலாம்மா," என்றார்.

எனக்குத் தலையை எங்கேயாவது கொண்டுபோய் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. பேரம் பேச வந்தவளிடமும் விலையைச் சொல்ல மாட்டேன் என்கிற மனிதரை என்ன செய்வது?

அன்று வீட்டுக்கு வந்ததும் வெடித்துவிட்டேன். "போக வேணாம்னா வேணாம்னு சொல்லித் தொலைங்களேன்! ஏன் ரெண்டு பேரும் இப்படி உயிர வாங்குறீங்க?"

அப்பா நிஜமாகவே திகைத்துப்போனார். "நாங்க எங்கம்மா வேணாம்னு சொன்னோம்?"

"அதானே," என்றாள் அம்மா. "தொண்ட கட்டிக்கப் போவுது. இந்தா, மோர் குடி."

அந்த மோரைக் குடித்தேன். வேறு என்ன செய்ய? மறுப்பே சொல்லாதவர்களிடம் எதை எதிர்த்து வாதாடுவது? அன்றிலிருந்து என் சாப்பாட்டை நானே சமைத்தேன். நடையைத் தனியாக வைத்துக்கொண்டேன், நடந்தது போதாதென்று ஓடினேன். அம்மா என் வேகவைத்த காய்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். கம்பெனியிலிருந்து ஒரு பெண் இரண்டு மூன்று தடவை அழைத்து, "மேம், ஜாயினிங் கன்ஃபர்ம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டாள். "சொல்றேங்க" என்றேன். என் குரலில் அப்பா பேசுவது எனக்கே கேட்டது, போனை வைத்துவிட்டு என் மேலேயே எரிச்சல்பட்டேன்.

மறுபரிசோதனை அன்று அப்பா கடைக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு உடன் வந்தார். ராணுவ மருத்துவமனை வாசலோடு அவரை நிறுத்திவிட்டார்கள். நான் உள்ளே போய் எடை மேடையில் ஏறி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். மூச்சு விட்டாலும் அதே எடைதான் காட்டும் என்று அங்கே இருந்த டாக்டரம்மா சிரித்தார். எழுதிக் கையெழுத்துப் போட்டார். தகுதி.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அப்பா தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்திலேயே ஒரு சிமெண்டுப் பெஞ்சு காலியாகக் கிடந்தது.

"என்னம்மா?"

"ஃபிட்டுப்பா."

அவர் தலையாட்டினார். இப்போது எதை எடுத்து விரிக்கப் போகிறாரோ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் எடுக்கவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"வேணாம்மா," என்றார்.

"என்னப்பா வேணாம்?"

"மிலிட்டரி வேணாம். போகாத."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. சரியாகச் சொல்லக்கூட வரவில்லை அவருக்கு. இத்தனை வாரமாக நான் கத்திக் கேட்டது இதைத்தான். கிடைத்ததும் கோபம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது, அழுகைதான் வந்தது. அப்பாவுக்கு நேராக ஒரு பதில் சொல்ல வேண்டும், அவர் அவ்வளவு கஷ்டப்பட்டு நேராகக் கேட்டதற்கு.

"போறேன்ப்பா," என்றேன்.

அங்கேயே நின்று கம்பெனிப் பெண்ணுக்குப் போன் செய்தேன். "இல்லைங்க, நான் சேரலை" என்றேன். கடைக்குள் யாரோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல அப்பா அப்படியே சங்கடப்பட்டு நின்றார். நான் போனைப் பைக்குள் வைத்தேன். பிறகு, மெதுவாக, வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே பணிவோடு கேட்டார்.

"அங்க உக்கார விடுவாங்களாம்மா?"

இதை முதல் நாளே கேட்டிருக்கக் கூடாதா? அந்தக் கண்ணாடிக்கு வெளியே வெயிலில் நின்று சக்கரம் வைத்த நாற்காலியைப் பார்த்தபோதே எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? அணிவகுப்பு மைதானத்தில் யாரும் யாரையும் உட்கார விடுவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. சிமெண்டுப் பெஞ்சைக் காட்டினேன்.

"நீங்க மொதல்ல உக்காருங்கப்பா."

அவர் பெஞ்சைப் பார்த்தார். மேலே கிடந்த சருகுகளைக் கையால் தள்ளி, எனக்கு இடம் செய்தார்.

"இருக்கட்டும்மா," என்றார்.