சுளகில் காய்ந்த புளிமா

இடம்பெயர்கிற நாளில் எந்த வீட்டிலும் முதலில் காணியுறுதிப் பத்திரத்தைத்தான் தேடுவார்கள். எங்கள் சித்தப்பா மட்டும் ஒரு சுளகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்க்க எனக்கு அப்போது பற்றிக்கொண்டு வந்தது.

அவர் கிளிநொச்சியில் பாண் ரொட்டி போடுகிறவர். ஈஸ்ட் வராமல் போய் மாதக்கணக்காகியிருந்தது. கள்ளில் புளிக்கவைத்த மாவில் தினமும் ஒரு பங்கை மறுநாளுக்கு எடுத்துவைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். கள்ளுக்காலமும் முடிந்துவிட்டது. இந்தப் புளிமா செத்தால் அவருடைய பிழைப்பும் போச்சு. ஈரமாகக் கொண்டுபோனால் வழியில் அழுகிவிடும் என்று, துணியில் மெல்லியதாகப் பூசிச் சுளகில் விரித்து, நிழலில் காயப்போட்டிருந்தார். மூன்று நாள் வேண்டுமாம். ஷெல் சத்தமோ கிட்டக்கிட்ட வந்துகொண்டிருந்தது.

அப்பா லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் சாமான்களை ஏற்றிக் கட்டிவிட்டார். ஊரே போகிறது, நாங்கள் மாவுக்குக் காவல் இருக்கிறோம் என்று அம்மா சித்தப்பாவைப் பேசித் தீர்த்தார். அவர் அசையவில்லை. கோழி கொத்தாமல் சுளகைப் பார்க்கிற வேலை ஒன்பது வயதான என் தலையில் விழுந்தது. இரண்டாம் நாளே எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் சைக்கிளில் வெளியே போன நேரம் பார்த்து, சுளகைத் தூக்கிக் கோழிக்கூட்டுத் தகரத்தின் மேல் வெயிலில் வைத்தேன். மத்தியானத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. திரும்ப நிழலில் வைத்துவிட்டு எல்லாரையும் கூப்பிட்டேன்.

சித்தப்பா சுளகைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார். ஒரு துண்டை நொறுக்கி முகர்ந்தார். என்னையும் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் ஒரு தகரப் பேணியில் போட்டு மூடி, "வெளிக்கிடுங்கோ" என்றார்.

இரணைமடுவுக்குத் தெற்கே ஒரு கொட்டில் போட்டோம். பாண் சுடக் களிமண்ணில் ஒரு போறணையும் கட்டினார். முழங்கையில் தொட்டுப் பார்த்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் துளி சீனி போட்டு, அந்தத் தூளைத் தூவினார். பச்சைத் தண்ணீர் விட்டால் அதன் உயிர்ச்சத்து வெளியே கசிந்துவிடும் என்பது அவர் கணக்கு. நுரை வரவில்லை. மறுநாள் மிச்சத்தையும் போட்டார். சேறாக அடியில் கிடந்தது. கோப்பையைப் பார்த்தபடி குந்தியிருந்தார். இதற்காகவா இரண்டு நாள் எங்கள் உயிரை வாங்கினார் என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அம்மா அரிசிப் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு துணி முடிச்சை எடுத்துவந்து சித்தப்பாவிடம் நீட்டினார். சுளகில் காயப்போட்ட முதல் நாளே ஒரு பிடி புளிமாவைக் கிள்ளி, கோதுமை மாவில் பிசறி, அங்கே ஒளித்து வைத்திருக்கிறார்.

"தம்பி, இதையும் ஒருக்காப் போட்டுப் பாருங்கோ. இதுவும் பொங்காட்டி பங்கர் வெட்டப் போங்கோ."

அரை மணித்தியாலத்தில் நுரை கட்டியது. சித்தப்பா கோப்பையை என்னிடம் நீட்டினார். "மெல்லக் காஞ்சது எழும்புது, பாத்தியோ?" என்றார். பெருமை அடிக்கிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மெல்ல நீர் வற்றினால் ஈஸ்ட் தனக்குள் ஒருவகைச் சீனியைச் சேர்த்துத் தன்னைக் காத்துக்கொள்ளும் என்றும், சுடுவெயில் அதற்கு அவகாசமே கொடுக்காது என்றும் பிற்பாடு விஞ்ஞானப் பாடத்தில் படித்தேன். அன்றைக்குச் சுளகின் அடியில் தகரத்துத் துரு அப்பியிருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதுவரை, என் கெட்டித்தனத்தால்தான் குடும்பம் தப்பி வந்தது என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். மா செத்திருக்கும் என்று தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல்தான் சித்தப்பா பேணியை மூடினார் என்பது அதுவரை எனக்கு விளங்கவேயில்லை.