ஆடிக்கு முந்தின நாள்

அன்றைக்கு அந்தச் சின்ன அறையில் இருந்தது நாலு பேர். நான், மளிகைக் கடையில் மேனேஜராக இருக்கும் என் வீட்டுக்காரர், நாலாவது முடித்திருந்த மகள், மேசைக்கு அந்தப் பக்கம் தனியார் பள்ளியில் சேர்க்கை பார்க்கும் அம்மா. தடுக்க ஆள் இருந்தது. நான்தான் விடவில்லை.

மகளுக்கு வாசிக்கும்போது வரி நழுவிவிடும். அமெரிக்காவில், டெக்சாஸின் கேட்டி ஊரில், எங்கள் வீட்டருகே அரசுப் பள்ளி. டீச்சர் நல்லவர்தான், ஒருத்திக்காக எத்தனை நேரம் நிற்பார்? எனக்கும் இப்படித்தான் இருந்தது. ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். அவளும் நின்றுவிடுவாளோ என்று எனக்கு எப்போதும் பயம்.

இந்தத் தனியார் பள்ளியில் பிள்ளையைத் தனியே உட்கார வைத்து வாசிக்கப் பழக்குகிறார்கள். பீஸ்தான் எங்களுக்கு எட்டாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வேறு பள்ளிக்கு மாற ஒரு டிரஸ்ட் ஸ்காலர்ஷிப் தருகிறது என்று அப்ளை பண்ணியிருந்தோம். ஆகஸ்டில் முடிவு. அதுவரை இடத்தை வைத்திருக்கிறேன் என்றுதான் அந்த அம்மா சொன்னார்.

ஆனால் மறுநாள் ஆடி பிறக்கிறது. எங்கள் வீட்டில் ஆடியில் எதையும் தொடங்க மாட்டோம்.

"இங்க ஸ்கூல் திறக்கிறதே ஆடியிலதான்," என்றார் வீட்டுக்காரர்.

"திறக்கட்டும். சேர்க்கிறது ஆனியில இருக்கட்டும்."

"உன் பஞ்சாங்கத்துக்கு யாரு விசா குடுத்தா?"

மகள் சிரித்தாள். "ஜஸ்ட் சைன் இட், அப்பா. அம்மா வோன்ட் ஸ்லீப்."

கையெழுத்துப் போட்டார். முன்பணம் கட்டினோம். அதோடு நின்றிருக்கலாம். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இருக்கக் கூடாதாம். அன்றைக்கே அவரைப் பழைய பள்ளிக்கும் இழுத்துக்கொண்டு போய் அவள் பேரை எடுக்க வைத்தேன். நல்ல நேரம் முடியப் பத்து நிமிஷம் இருந்தது. அந்தப் பத்து நிமிஷம் எனக்கு அவ்வளவு பெருமை.

ஆகஸ்டில் டிரஸ்டிலிருந்து மெயில் வந்தது. தேர்வாகிவிட்டாள். அரசுப் பள்ளியில் இப்போதும் பேர் இருப்பதற்கு ஒரு சான்று மட்டும் அனுப்ப வேண்டுமாம்.

வீட்டுக்காரர் போனில் கெஞ்சிப் பார்த்தார். முடிவு சொல்லும் நாளில் அங்கே பேர் இல்லாவிட்டால் பணம் இல்லை என்றுவிட்டார்கள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "சாதம் போடு," என்றார். அவ்வளவுதான்.

பாதியில் நிறுத்தினாலும் வருஷம் முழுதுக்கும் கட்ட வேண்டும் என்று நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிறது. நிறுத்த மனசும் இல்லை. போன வாரம் காரில் போகும்போது ஒரு கடைப் பலகையை மகள் தானாக வாசித்தாள், மெதுவாக, கடைசி எழுத்து வரைக்கும். பேசினால் நின்றுவிடுமோ என்று நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது நாலு வீட்டுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். அவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் கடை. மூன்று தவணை போக, பள்ளிக்கு இன்னும் தர வேண்டியது பதினோராயிரத்து நானூறு டாலர்.