கூடத்தில் பேசிய ஃபின்னிஷ்

எனக்கு ஃபின்னிஷ் படிக்க வீட்டில் அனுமதி கிடைத்ததற்கு ஒரே காரணம், நான் தேற மாட்டேன் என்று எல்லோரும் நம்பியதுதான். “படிக்கட்டும். பாஸானா அப்பம் பாப்போம்” என்றார் மாமியார். குரலில் கோபமே இல்லை. நடக்காத காரியத்துக்குச் சம்மதம் சொல்வதில் யாருக்கு என்ன நஷ்டம்?

சங்கரன்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். பின்லாந்தில் முதியோர் இல்லங்களுக்கு நர்சுகள் தேவை, பாஷையைப் படித்துப் பரீட்சை தேறினால் ஏஜென்சியே அனுப்பிவைக்கும், கொஞ்ச நாள் கழித்துக் கணவரையும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று கூட வேலை பார்த்த ஒரு பெண் சொன்னாள். வகுப்பு போனிலேயே நடந்தது. எர்ணாகுளத்திலிருந்து ஒரு டீச்சர் சொல்லிக்கொடுத்தார். அடுப்படியில் அரிசி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, ஒரு கையில் வெங்காயமும் மறு கையில் பேனாவுமாகப் படித்தேன்.

பாடம் கேட்க ஆள் வேண்டுமே. என் கணவர் முன்வந்தார். திருவேங்கடம் தாலுகா ஆபீசில் அவருக்கு வேலை. டவுன் பஸ்ஸில் போகிற வருகிற நேரத்தில் என் புத்தகத்தின் ஜெராக்ஸை வைத்துப் படித்துவிட்டு வருவார். சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து, “சொல்லுட்டி, வீட்டுக்குள்ள?” என்பார். “தலொஸ்ஸா” என்பேன். “வீட்டுலேர்ந்து?” “தலொஸ்தா.” “வீட்டுக்கு?” “தலோன்.” எங்களுக்கு அது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. தமிழிலும் சொல்லின் வாலில்தானே உருபை ஒட்டுகிறோம்! வேற்றுமை நமக்கு எட்டு, அவர்களுக்குப் பதினைந்து, அவ்வளவுதான். குறிலையும் நெடிலையும் மாற்றிச் சொன்னால் பொருளே மாறிவிடும் என்று டீச்சர் பயமுறுத்தியபோது வகுப்பில் இருந்த வடக்கத்திப் பெண்கள் மிரண்டார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அந்தப் பாஷையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்து ‘ஹான்’ என்று ஒரே சொல்தான் உண்டு. அதைப் படித்த அன்றைக்கு, புத்தகத்தைப் பார்த்தபடியே எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி அவர் சொன்னார்: “அப்பம் அம்மா ஏசுதது உன்னையா என்னையான்னே கண்டுபிடிக்க முடியாது. நல்ல பாஷைதாம்ட்டி.”

இப்படிப் பேசுகிற மனிதரை நான் அதுவரை பார்த்ததே இல்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஓடியிருந்தது. எங்கள் வீட்டில் கூடத்தைத் தாண்டாமல் எங்கும் போக முடியாது. கூடத்தில் எப்போதும் மாமியார் இருப்பார், என் கணவரின் அண்ணன் இருப்பார், அண்ணன் பிள்ளைகள் இருப்பார்கள். எங்கள் அறை என்று பேருக்கு ஒன்று இருந்தது, அதிலும் அண்ணன் பிள்ளைகள் புரண்டுகொண்டிருப்பார்கள். எல்லோர் முன்னாலும் என் கணவருக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொற்கள்தான்: ‘தண்ணி’, ‘சாவி’, ‘வாரேன்’. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். பொண்டாட்டியிடம் சிரித்துப் பேசினால் அம்மா மனசு நோகும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவராகவே தெரிந்து வைத்திருந்தார்.

பாடம் தொடங்கிய பிறகுதான் அவருக்கு வாய் வந்தது. நான் சோறு போடும்போது எல்லோர் மத்தியிலும் உட்கார்ந்துகொண்டு, தட்டைப் பார்த்தபடியே, “ஒலெத்கோ வாசுனுத்?” என்பார். களைப்பாக இருக்கிறாயா என்று அர்த்தம். டூட்டி முடிந்து வந்த என்னை அந்த வீட்டில் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மாமியார் என்னைக் குத்திக்காட்டி ஏதாவது சொல்லிவிட்டால், என் கணவர் கை கழுவப் போகிற போக்கில், “எய் ஸே மித்தான்” என்பார். பரவாயில்லை, விடு என்று அர்த்தம். ஒரு நாள் சாம்பார் ஊற்றும்போது, “மினா ரகஸ்தான் ஸினுவா” என்றார். நான் உன்னை நேசிக்கிறேன் என்பது புத்தகத்தில் வினைச்சொல் பாடத்தில் ஒரு எடுத்துக்காட்டு, அவ்வளவுதான். அவரோ அதைப் புத்தகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“என்னலே சொல்லுத?” என்றார் மாமியார்.

“பாடம்மா. சாம்பார் சூடா இருக்குன்னு சொல்லுதேன்.”

“சாம்பாருக்கு இம்புட்டு நீளமா?”

சிரிப்பை அடக்க நான் அடுப்படிக்கு ஓடினேன். அந்த வீட்டில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவைதான், வேறு கிடையாது.

அந்த வருஷம் எங்கள் ஊர் அம்மன் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும், பரீட்சை தேற வேண்டும் என்று நேர்ந்துகொண்டு ஆடிச்சுற்றுப் போனேன். பிரகாரத்தைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும், கூட்டம் முண்டியடிக்கும். அவரும் கூட வந்தார். நேரத்தை வீணாக்குவானேன் என்று நடந்துகொண்டே வினைச்சொல் கேட்டார். “மினா துலென், ஸினா துலெத், ஹான் துலே” என்று நான் ஒப்பித்துக்கொண்டே நடந்தேன். நான் வருகிறேன், நீ வருகிறாய், அவர் வருகிறார். ஒப்பிக்க ஒப்பிக்க அதில் ஒரு தாளம் வந்துவிட்டது. பின்னால் வந்த ஒரு வயசான அம்மா, அதை ஏதோ போற்றி என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டபடி கூடவே, “துலென், துலெத்” என்று சொல்லத் தொடங்கினார்.

“இது எந்த ஊரு மந்திரம் மக்கா?” என்று கேட்டார்.

“வடக்க உள்ளது ஆச்சி” என்றார் என் கணவர், முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல். “ரொம்ப வடக்க.”

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அத்தனை ஜனத்துக்கு நடுவில் அவர் என் தோளைத் தொட்டு ஓரமாக நகர்த்தினார். அன்று அம்மனிடம் நான் பரீட்சையைக் கேட்கவில்லை. இந்த மனுசன் தமிழிலும் இப்படியே பேச வேண்டும் என்று கேட்டேன். பனியும் சம்பளமும் எனக்குப் பெரிதில்லை. அங்கே போய்விட்டால் கூடம் இருக்காது, தட்டைப் பார்த்துக்கொண்டு பேச வேண்டியதில்லை, என் முகத்தைப் பார்த்து வாய் நிறையப் பேசுவார். அதற்காகத்தான் அந்தப் பதினைந்து வேற்றுமையையும் முட்டி மோதிப் படித்தேன்.

தேறிவிட்டேன். முதலில் அவருக்குத்தான் போனில் சொன்னேன். ஆபீசிலிருந்து லாலா கடை அல்வாவோடு வந்தார். ஏஜென்சியிலிருந்து பாஸ்போர்ட்டையும் சான்றிதழ்களையும் கேட்டுப் போன் வந்தது. அன்றுதான் வீட்டில் எல்லோருக்கும் இது விளையாட்டில்லை என்று உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் பேச்சு நடந்தது. ராயகிரியிலிருந்து என் அப்பாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். வயக்காட்டு வேலையை விட்டுவிட்டு வந்தவர், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பெண்ணைக் கொடுத்தவர்கள் அப்படித்தானே உட்காருவார்கள்.

“பொம்பளை முன்னால போவா, ஆம்பளை பின்னால பொட்டி தூக்கிட்டுப் போவானாக்கும்? ஊரு சிரிக்காதா?” என்றார் கணவரின் அண்ணன்.

“எம் மவன் கவருமெண்டு வேலையில இருக்கான். அதை விட்டுட்டு அங்கன போயி தட்டு கழுவவா?” என்றார் மாமியார். பிறகு அப்பா பக்கம் திரும்பி, “ஒம்ம மவ ஒத்தக்கால்ல நிக்கா. நீரே கேளும்” என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். என் கணவர் பேசட்டும் என்று காத்திருந்தேன். எனக்கு அவர் மேல் சந்தேகமே இல்லை. என்னோடு சேர்ந்து படித்தவர். போன பிறகு அங்கே என்ன வேலை தேடலாம் என்று பஸ்ஸில் வரும்போதே போனில் தேடிப் பார்த்தவர். முந்தின நாள் துணி காயப்போட மாடிக்குப் போனபோதுகூட, “மே மெனெம்மே” என்று காதருகே சொல்லிவிட்டுப் போனவர். நாம் போகிறோம் என்று அதற்கு அர்த்தம்.

“நீ சொல்லுலே. ஒன் வாயால சொல்லு” என்றார் மாமியார்.

அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். கூடத்தில் அத்தனை பேர் இருக்க, முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். “அன்தேக்ஸி, ரகஸ்” என்றார். மன்னித்துவிடு, என் அன்பே. பிறகு அம்மா பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: “நீ சொல்லுததுதாம்மா சரி. இவ போக வேண்டாம்.”

“அவகிட்ட என்னமோ சொன்னியே, என்னது?”

“ஒண்ணுமில்லம்மா.”

ஒரே மூச்சில் இரண்டு பேச்சு. எனக்கு இரண்டும் புரிந்ததுதான் என் தலைவிதி. என் அன்பே என்று சொன்ன அதே வாயால் என்னை அறுத்துப் போட்டார். அந்த ஃபின்னிஷ் வார்த்தை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் கொஞ்சம் குறைவாக வலித்திருக்கும். கோழை என்று வெறுத்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். வெறுக்கவும் விடவில்லை அந்தப் பாவி.

அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “மாப்பிள்ளை சொன்னாச் சரிதான்” என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏன் நீ மட்டும் போயிருக்கக் கூடாது என்று தோழிகள் கேட்கிறார்கள். போயிருக்கலாம்தான். பாஸ்போர்ட் என் பெட்டியில்தான் இருந்தது. ஆனால் நான் படித்ததெல்லாம் நாம் போகிறோம் என்பதைத்தான். அது அறுந்த பிறகு நான் போகிறேன் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. என்னோடு படித்தவர்கள் போனார்கள். பனியில் நின்று எடுத்த படங்களை அனுப்பினார்கள். நன்றாக இருங்கள் என்று பதில் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அவர் பிச்சிப்பூ வாங்கி வந்தார். எப்போதும்போல எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் தட்டைப் பார்த்தபடி, “ஒலெத்கோ விஹைனென்?” என்றார். கோபமா என்று கேட்கிறார்.

“புரியலைங்க” என்றேன்.

விளையாடுகிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. பாடம் கேட்கும்போது சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி மறுபடியும் சொன்னார். தான் சரியாக உச்சரிக்கவில்லையோ என்று சந்தேகப்பட்டு, மூன்றாவது தடவை திருத்தியும் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

“எனக்குப் புரியலை” என்றேன். அந்தப் பாஷை எனக்கு இன்றுவரை ஒரு எழுத்துகூட மறக்கவில்லை.

மாமியாருக்கு ஆச்சரியம். “என்னட்டி, நீ படிச்ச பாஷைதான? என்ன சொல்லுதான் அவன்?”

“தெரியலை அத்தை. நீங்களே கேளுங்க. தமிழ்ல சொல்லச் சொல்லுங்க.”

கூடத்தில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சொல்லிவிட மாட்டாரா என்று அப்போதும் எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. கோபமா என்ற ஒரு சொல், அவ்வளவுதான் அவர் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.