சிவப்பில் நிற்காத அக்கா

தக்காளிகள் ஓடிய ஓட்டம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. பஸ்ஸின் முன்படிக்கட்டு வழியாக ஒவ்வொன்றாகக் குதித்து, தார்ச்சாலையின் சரிவில் உருண்டு, சிக்னல் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு நான் வேலை பார்த்த மருந்துக்கடையின் வாசல் வரை வந்து நின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒரு தெலுங்கு அம்மாள் "அய்யோ, நா டமாட்டாலு!" என்று கூவிக்கொண்டு இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் காக்கி உடையில் டிரைவர் இறங்கினார். அந்த டிரைவர் என் பாவா, அக்காவின் கணவர். பஸ்ஸின் மூக்குக்கு ஒரு கை தூரத்தில், லுங்கி மூட்டை கட்டிய சைக்கிளை இரண்டு கால்களுக்கு நடுவே பிடித்தபடி உறைந்து நின்றவள் என் அக்கா. பாவாவின் பக்கம் பச்சை எரிந்துகொண்டிருந்தது. அக்காவின் பக்கம் சிவப்பு.

திருத்தணியில் அந்த நாற்சந்திக்கு சிக்னல் வந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன் மலைக்குப் போகும் வேன்களும், அரக்கோணம் பஸ்களும், கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் ஒன்றுக்கொன்று கை காட்டி, திட்டி, வழிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. விளக்கு வந்ததும் பஸ்களும் கார்களும் நின்றன. மோட்டார் சைக்கிள்காரர்கள் போலீஸ் இருந்தால் நின்றார்கள். சைக்கிள்காரர்கள் மட்டும் அந்த விளக்கு தங்களுக்கு இல்லை என்று ஒரே மனதாக முடிவு செய்திருந்தார்கள். பால்காரர், பூக்கடைக்காரர், பள்ளிக்கூடத்துப் பெண்கள் எல்லோரும் சிவப்பில் நுழைந்து, வண்டிகளுக்கு நடுவே வளைந்து, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். யாரும் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை.

ஊரிலேயே சைக்கிளில் போகும்போதும் சிவப்புக்கு நின்ற ஒரே ஆள் பாவா. ஆர்.கே.பேட்டைக்கு டவுன் பஸ் ஓட்டுகிறவர், வேலை முடிந்ததும் பழைய சைக்கிளில் வீட்டுக்கு வருவார். சாலை வெறிச்சோடிக் கிடந்தாலும் சரி, கோட்டுக்கு முன்னால் காலை ஊன்றி, நிமிர்ந்து உட்கார்ந்து, விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். டீக்கடையிலிருந்து யாராவது, "இன்னா டிரைவரே, சைக்கிள்ல டீசல் தீந்துபோச்சா?" என்று கேட்பார்கள். கடையே சிரிக்கும். பாவாவும் சிரிப்பார், ஆனால் நகர மாட்டார். "செவப்புன்னா செவப்புதான்" என்பது அவர் அடிக்கடி சொன்ன வார்த்தை. அதை அவர் கோபமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. சோறு குழைந்துவிட்டது என்று சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொல்வார்.

அக்காவின் கட்சி வேறு. பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருக்கும் வீடுகளிலிருந்து லுங்கி வாங்கி, பெரிய மூட்டையாகக் கேரியரில் கட்டி, தெருத்தெருவாகவும் மலையடிவாரக் கடைகளுக்கும் கொண்டுபோய் விற்பது அவள் தொழில். அந்த மூட்டையோடு சைக்கிளை ஓட்டுவது பெரிய காரியமில்லை, நிறுத்திவிட்டு மறுபடி கிளப்புவதுதான் பெரிய காரியம். முதல் மிதி மிதிக்கும்போது முன்சக்கரம் தூக்கும், மூட்டை ஒரு பக்கம் இழுக்கும், பின்னால் நிற்கிற லாரி ஹாரன் அடித்து உயிரை எடுக்கும். அதனால் அவள் தூரத்திலிருந்தே சந்தியை அளந்துவிடுவாள். வேகத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ, வண்டிகள் வராத ஓர் இடைவெளியில் காலை ஊன்றாமலே புகுந்து வந்துவிடுவாள். கடை வாசலிலிருந்து நான் தினமும் அதைப் பார்ப்பேன். பயமாகவும் இருக்கும், பார்க்க அழகாகவும் இருக்கும்.

அன்று அவள் கணக்கு தவறிவிட்டது. டிராக்டர் மறைத்ததில் பஸ் வந்ததைப் பார்க்கவில்லை. பாவா பிரேக்கை மிதித்ததில் பஸ்ஸே ஒரு முறை முன்னால் குனிந்து நிமிர்ந்தது. உள்ளே யாருக்கும் காயமில்லை, கூடைகள் மட்டும் கவிழ்ந்தன.

"இன்னா பண்ற நீ? செவப்பு எரியுது, கண்ணு தெரியல?" என்றார் பாவா. குரல் அவருடையது மாதிரியே இல்லை.

வீட்டில் 'ங்க' போட்டுப் பேசுகிற அக்கா, பயத்தில் வந்த கோபமோ என்னவோ, ஊர் நடுவில், "யோவ், அது வண்டிங்களுக்கு எரியுது!" என்றாள்.

"இது வண்டி இல்லாம இன்னா, கட்டிலா?"

"உனக்கு இஞ்சின் கீது. எனக்கு முட்டிதான் இஞ்சின். நின்னா மறுபடி நீயா வந்து தள்ளுவே?"

அவ்வளவுதான், பஸ் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஜன்னல்களிலிருந்து தலைகள் நீண்டன. "அந்தம்மா சொல்றது கரெக்டு, சைக்கிளு பாவம்" என்றது ஒரு பக்கம். "பாவம் பாத்தா நாளைக்கு ஆஸ்பத்திரிலதான் பாக்கணும்" என்றது இன்னொரு பக்கம். கண்டக்டர் இறங்கி, யார் கட்சியும் சேராமல் தக்காளி பொறுக்கினார். கடைசியில் சந்தியில் நின்ற பெண் போலீஸ் வந்து, "குடும்பப் பஞ்சாயத்த வூட்ல வெச்சுக்கங்க. பஸ்ஸ எடுங்க மொதல்ல" என்று விசில் ஊதியதும்தான் கூட்டம் கலைந்தது.

வீட்டில் பஞ்சாயத்து நடக்கவில்லை. இருவரும் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். நான் அப்போது அவர்களோடுதான் தங்கியிருந்தேன், அதனால் நடுவில் மாட்டிக்கொண்டேன். "பாப்பா, உங்க அக்காவாண்ட சொல்லு, கொழம்புல உப்பு கம்மி" என்பார் பாவா. அக்கா இரண்டடி தூரத்தில் பரிமாறிக்கொண்டிருப்பாள். "உப்பு டப்பா எதிர்லதான் கீது, கை கீதான்னு கேளு" என்பாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. சிரித்தால் இரண்டு பேரும் சேர்ந்து என்னை முறைப்பார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை இருந்தது.

ஒரு சாயங்காலம் பாவா பின்வாசலில் முகம் கழுவிவிட்டு, துண்டைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தார். காபி கொண்டுபோன என்னிடம், கேட்காமலே சொன்னார்: "பிரேக்க மிதிச்சப்போ அது யாருன்னு எனக்குத் தெரியாது பாப்பா. ஒரு சைக்கிளு, ஒரு பொம்பள, அவ்ளோதான். நின்ன அப்புறம்தான் பொடவய பாத்தேன். நான் எடுத்துக் குடுத்த பொடவ." அவர் காபியை வாங்கிக்கொண்டார். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோயிருந்தது.

மறுநாள் காலை அக்கா என்னிடம், ஆனால் பாவாவைப் பார்த்தே, "நிக்க மாட்டேன்னு நான் சொல்லல. நின்னா இன்னா ஆவுதுன்னு அவரு ஒருநாள் பாக்கட்டும். என் சைக்கிளு, என் மூட்ட, அதே சிக்னலு. பாத்துட்டு சொல்லட்டும், கேக்கறேன்" என்றாள். பாவா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "ஆங், செவ்வாக்கெழம எனக்கு லீவு" என்றார். எவ்வளவோ நாள் கழித்து நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

செவ்வாய்க்கிழமை என்பதால் மலையில் நல்ல கூட்டம். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலைகளோடு ஒரு வேன் நிறைய ஆட்கள் மருந்துக்கடைக்கு எதிரில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பாவா மூட்டையோடு வந்தார். ஓடுகிற சைக்கிளில் அவர் ராஜாவாகத்தான் இருந்தார். சிவப்பு விழுந்தது. வழக்கம்போலக் காலை ஊன்றி, நிமிர்ந்து நின்றார். அக்கா சாலையோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பச்சை விழுந்ததும் பாவா மிதித்தார். முன்சக்கரம் தூக்கியது, மூட்டை இடது பக்கம் சாய்ந்தது, பின்னாலிருந்த பஸ் காது கிழிய ஹாரன் அடித்தது. அந்தச் சத்தத்தில் பாவா துள்ளியது எனக்குக் கடையிலிருந்தே தெரிந்தது. சைக்கிள் சாய்ந்தது, கயிறு அவிழ்ந்தது, அந்த நாற்சந்தி முழுக்க நீலமும் சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட லுங்கிகள் விரிந்தன.

நான் ஓடினேன். எனக்கு முன்னால் அக்கா ஓடியிருந்தாள். லுங்கிகளைத் தாண்டிப் போய் அவர் முழங்கையைத்தான் முதலில் பிடித்தாள். "எங்க அடி? காட்டுங்க" என்றாள். 'ங்க' திரும்பி வந்துவிட்டதை நான் கவனித்தேன். பாவா அடிபட்டதைப் பற்றிப் பேசவே இல்லை. ஹாரன் அடித்த பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தவர், வாயைப் பிளந்தார். ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய டிப்போ நண்பர். அவரும் அப்போதுதான் கீழே கிடப்பது யாரென்று பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். "நானும் தெனம் இப்டிதான் அடிக்கிறேனா?" என்று பாவா அக்காவைக் கேட்டார். "இத்தவிட ஜாஸ்தி" என்றாள் அக்கா.

இதற்குள் மொட்டைத் தலைக்காரர்கள் இளநீரை வைத்துவிட்டு வந்து லுங்கிகளைப் பொறுக்க ஆரம்பித்திருந்தார்கள். பொறுக்கியவர்கள் அப்படியே தடவிப் பார்த்தார்கள். "நல்லா கீதே, விக்கிறதுக்கா?" என்று ஒருவர் கேட்டார். விழுந்த மனிதர் ஓரமாக உட்கார்ந்து முட்டிக்கு மருந்து போட்டுக்கொண்டிருக்க, அக்கா என் கடை வாசலிலேயே மூட்டையில் பாதியை விற்று முடித்தாள். "தெனம் ஒருவாட்டி வுயுந்தீங்கன்னா நான் தெருத்தெருவா சுத்தவே வேணாம்" என்று அவள் சொன்னபோது, பாவா வலியோடு சேர்ந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் எனக்கும் சிரிப்பு வந்துவிடும்.

யார் சொன்னது சரி என்று பின்னாளில் நான் நிறைய யோசித்திருக்கிறேன். மருந்துக்கடைக்கு வரும் வயசாளிகள் விளக்கை நம்பித்தான் சாலையில் கால் வைத்தார்கள். சைக்கிளும் நிற்கும் என்ற நம்பிக்கை அதில் சேர்ந்திருந்தது. அந்த வகையில் பாவா சொன்னது சரி. ஆனால் நின்றவனை மறுபடி கிளம்பவிடாமல் பின்னாலிருந்து துரத்துகிற ஊரில், நிற்கச் சொல்வது மட்டும் எப்படி நியாயமாகும் என்று அக்கா கேட்டதும் சரிதான். அவர்கள் இருவரும் என்னைப்போல யோசித்துக்கொண்டிருக்கவில்லை. அந்த வாரமே சேர்ந்து போய் அந்தப் பெண் போலீஸைப் பார்த்தார்கள்.

"சைக்கிளும் செவப்புல நிக்கட்டும் மேடம். ஆனா பச்ச வுட்டா சைக்கிள மொதல்ல அனுப்புங்க. அவங்க போன அப்புறம் நாங்க எடுக்கறோம்" என்றார் பாவா. போலீஸம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அன்னிக்கு நடுரோட்டுல சண்ட, இன்னிக்கு ஜோடியா மனுவா?" என்றார். பிறகு, "ஸ்கூல் டைம்ல செஞ்சு பாக்கலாம். சைக்கிளுங்க நிக்கணுமே, அதுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார். அக்கா, "மொதல்ல நான் நிக்கறேன்" என்றாள்.

அதைச் செய்து பார்த்த முதல் நாள் காலை, வேடிக்கை பார்க்க மருந்துக்கடை, டீக்கடை, பூக்கடை எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. சிவப்பு விழுந்தது. அக்கா பிரேக்கைப் பிடித்து, கோட்டுக்கு முன்னால் காலை ஊன்றினாள். டீக்கடையில் யாரோ கை தட்டினார்கள். அவள் நின்றதைப் பார்த்துப் பள்ளிக்கூடத்துப் பெண்கள் நின்றார்கள். பால்காரர் வழக்கம்போல நுழையப் பார்த்து, அத்தனை பேர் நிற்பதைக் கண்டு வெட்கப்பட்டு நின்றார். பச்சை விழுந்தது. போலீஸம்மா பஸ்களுக்கும் லாரிகளுக்கும் நேராக ஒரு கையை நீட்டி, மறு கையால் சைக்கிள்களை வீசி அழைத்தார். அக்கா மிதித்தாள். சைக்கிள் இரண்டு முறை ஆடியது. பின்னால் ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை. மூன்றாவது மிதியில் நேரானது. பெண்கள் மணியை அடித்துக்கொண்டு அவள் பின்னால் கூட்டமாகப் போனார்கள்.

வரிசையில் முதலில் நின்ற பஸ் பாவாவுடையது. அவரே கேட்டு அந்த நேரத்து டிரிப்பை மாற்றி வாங்கியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. "பச்ச வுட்டாச்சு, எடுய்யா" என்று பயணிகள் கத்தியது கடை வரை கேட்டது. பாவா இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இருங்கப்பா. என் வூட்டுக்காரி போய்க்கினு கீறா" என்றார்.

எனக்குக் கல்யாணமாகி நான் சென்னைக்கு வந்து பல வருடங்களாகிவிட்டன. அந்தப் போலீஸம்மா மாற்றலாகிப் போய்விட்டார். பாவா ஓய்வு பெற்றுவிட்டார். போன மாதம் ஊருக்குப் பஸ்ஸில் போனபோது கனகம்மாசத்திரம் தாண்டியதும் கூட்டம் ஏறி, நான் டிரைவருக்குப் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தேன். நாற்சந்தியில் சிவப்பு. போலீஸ் யாரும் இல்லை. கோட்டில் சைக்கிள்கள் நின்றிருந்தன. அவற்றில் இரண்டில் லுங்கி மூட்டைகள். ஒரு பெரிய மூட்டையை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதியாகக் கட்டிக்கொண்டு, அக்காவும் பாவாவும் நின்றிருந்தார்கள். பின்னாலிருந்து பார்க்க இரண்டு தலைகளும் நன்றாக நரைத்திருந்தன.

பச்சை விழுந்தது. டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. வாலிப வயது, அந்தத் தடத்துக்குப் புதியவர் போலத் தெரிந்தது. "ஏன் நிக்கிறீங்க?" என்று தெரியாதவள்போலக் கேட்டேன். "இந்த ஊர்ல அப்டிதாங்க. சைக்கிளுங்க போன அப்புறம்தான் எடுக்கணும். வேலைக்கு வந்தப்பவே சொல்லிட்டாங்க" என்றார். யார் ஆரம்பித்தது என்று கேட்டேன். தெரியாது என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "முன்னாடி மூட்டையோட போறாங்களே ரெண்டு பேரு, அவங்கதான்" என்றேன்.

"யாரு, தெனம் இங்க பாக்கற லுங்கிக்காரம்மாவா?" என்று அவர் எழுந்தே நின்றுவிட்டார். கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, அக்கா முன்னாலும் பாவா கொஞ்சம் பின்னாலுமாகச் சந்தியைக் கடந்து, திரும்பி, கண்ணுக்கு மறையும்வரை பார்த்தார். அவர் உட்கார்ந்து கியரைப் போடுவதற்குள் விளக்கு மறுபடி சிவப்பாகிவிட்டது. பஸ் முழுக்க அவரைத் திட்டியது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.