டெண்டுக்குள் இருந்த மனிதர்

மாதா கோயில் திருவிழாவுக்கு மைதானத்தில் தங்க, மலிவான டெண்ட் தேடி ஜுருவில் ஒரு கடைக்குப் போனேன். அங்கே தொப்பை பெருத்த ஒருவர், விரித்து வைத்திருந்த ஒவ்வொரு டெண்டிலும் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்து, ஜிப்பை மூடி, ஓர் 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லும் நேரம் உள்ளேயே இருந்தார்.

"உள்ளயே தூங்கிடாதீங்க லா, அண்ணே," என்றேன்.

"எனக்கில்ல தம்பி. வீட்டுக்காரி லிஃப்ட்டுல மாட்டுனதுலேருந்து கதவு சாத்தினாலே பயப்படுறா. ஆனா திருவிழா ராத்திரி கோயில் மைதானத்துலதான் தங்குவேன்னு மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டா. சட்டுனு திறக்கிற பிராண்டா பாக்குறேன்."

நூற்றிருபது வெள்ளி விலை போட்டிருந்த டெண்டின் ஜிப் திணறித் திணறித் திறந்தது. எண்பது வெள்ளி டெண்டில் ஜிப் துணியைக் கடித்துக்கொண்டது. வெளியிலிருந்து நானும் இழுத்தேன், அசையவில்லை. உள்ளே அவர் மூச்சு வாங்குவது கேட்டது. நான் இன்னும் பலமாக இழுத்தேன்.

"மெதுவா தம்பி," என்றார். பிறகு, "அவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், இல்ல? சும்மா பயப்படுறான்னு நெனச்சேன்."

ஒருவழியாக ஜிப் விட்டது. வேர்த்து வழிய வெளியே வந்தவர் எந்த டெண்டையும் வாங்கவில்லை. "அவ வானத்தைப் பாத்துப் படுக்கட்டும். நான் குடையோட பக்கத்துல உக்காந்துக்கிறேன்," என்று கிளம்பிவிட்டார்.

நான் ஒன்று வாங்கினேன். ஆனாலும் அன்றைக்கு ஜெபமாலை சொல்லும்போது, திருவிழா முடியும்வரை மழை வேண்டாம் என்றுதான் மாதாவிடம் கேட்டேன்.