மே மரத்தைக் கொடுத்தனுப்பியவள்

கத்துனா ஜார்ஜியாவில், குத்தாயிசி ரயில் நிலையத்தின் இரண்டாம் நம்பர் ஜன்னலில் பன்னிரண்டு வருஷம் டிக்கெட் கொடுத்தவள். குடித்துவிட்டு வருபவன், கைக்குழந்தையோடு அழுதுகொண்டு வருபவள், கடைசி நிமிஷத்தில் ஓடி வந்து ஜன்னலைத் தட்டுபவன் எல்லோரையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே சமாளித்தவள். அப்படிப்பட்டவளுக்கு பவேரியாவின் ஹாசல்ரீட் கிராமத்துக்கு வந்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரரிடம் காலை வணக்கம் சொல்வதற்கே மனசுக்குள் இரண்டு முறை ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது.

கணவன் மெராபுக்குப் பால் பண்ணையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. அவனுக்காகத்தான் குடும்பமே வந்தது. ஒன்பது வயது மகள் தெக்லே மூன்றே மாதத்தில் அந்த ஊர்ப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். கத்துனாவுக்குத்தான் எதுவும் சட்டென்று படியவில்லை. அங்கே வேலை செய்யக் கூடாத நாளான ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டாள். எதிர்வீட்டு ஜன்னல் திரை இரண்டு முறை விலகி மூடியது. வீட்டுச் சொந்தக்காரியான புர்கிக்கு மறுநாள் பிறந்தநாள் என்று கேள்விப்பட்டு, முதல் நாள் சாயங்காலமே கேக்கோடு போய் வாழ்த்துச் சொன்னாள். புர்கிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஐயய்யோ, இன்னைக்கே சொல்லலாமா? நாளைக்குள்ள எனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்று கையை உதறினாள்.

"எங்க ஊர்ல ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சிடுவோம்" என்றாள் கத்துனா, பாவமாக.

"கேக்கை வெச்சுட்டுப் போ. அது மேல எனக்குக் கோபமில்ல."

புர்கி அறுபத்திரண்டு வயது விதவை. கீழ்த்தளத்தில் அவள், மேல்தளத்தில் இவர்கள். வாய் கொஞ்சம் நீளமே தவிர மனசு நல்ல மனசு. அவள் ஒருத்திதான் கத்துனாவை முதல் நாளிலிருந்தே 'நீ' என்று கூப்பிட்டாள். மற்றவர்கள் எல்லோரும் 'நீங்க'தான். அந்த 'நீங்க' மரியாதைக்கு இல்லை, வாசலோடு நில் என்பதற்கு என்று கத்துனாவுக்குத் தோன்றும்.

ஏப்ரல் மாதம் புர்கியின் கொட்டகைக்கு ஒரு மரம் வந்து சேர்ந்தது. இருபத்தெட்டு மீட்டர் நீளத் தேவதாரு. பட்டை உரித்து, இழைத்து, வெள்ளையும் நீலமுமாகப் பட்டை போட்டு வண்ணம் தீட்டியிருந்தார்கள். முன்னாலும் பின்னாலும் சக்கரத் தாங்கி வைத்து அதன்மேல் கிடத்தியிருந்தது. மே முதல் தேதி வசந்த விழாவுக்கு ஊர் நடுவில் நடப்போகும் மரம் என்று கத்துனாவுக்குத் தெரியும். இளைஞர்கள் முறை போட்டுக் கொட்டகையில் படுத்துக் கிடப்பதையும் பார்த்தாள். மரத்துக்கு எதற்குத் துணை என்று புர்கியிடம் கேட்கவும் செய்தாள். புர்கி ஏதோ நீளமாகச் சொன்னாள். அதில் 'பக்கத்து ஊர்', 'பீர்' என்ற இரண்டு வார்த்தைகள்தான் பிடிபட்டன. பக்கத்து ஊர்க்காரர்களோடு சேர்ந்து பீர் குடிப்பார்கள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள்.

அது நடந்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். பன்னிரண்டு மணி கோயில் மணி அடித்தால் ஹாசல்ரீட்டில் தெருவில் பூனைகூட நடக்காது. எல்லோரும் சாப்பாட்டு மேஜையில் இருப்பார்கள். காவலுக்கு இருந்தவனும் சாப்பிடப் போய்விட்டான். புர்கி பல் டாக்டரிடம் போயிருந்தாள். கத்துனா அடுப்பிலிருந்து சீஸ் ரொட்டியை எடுத்துக்கொண்டிருந்தபோது முற்றத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது. எட்டுப் பேர். தோல் கால்சட்டை, இறகு செருகிய தொப்பி. தலைவன் மாதிரி இருந்தவன் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னான். சிவந்த மீசை, நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"வணக்கம்மா. மரத்தை எடுத்துட்டுப் போக வந்திருக்கோம்."

"இன்னைக்கேவா? குவிரினுக்குத் தெரியுமா?" குவிரின் மே மரச் சங்கத்தின் தலைவர், ஊரின் தச்சர்.

"குவிரின்தானே? இன்னைக்குச் சாயங்காலம் எங்களப் பத்தித்தான் பேசுவாரு பாருங்க."

பின்னால் நின்ற ஒருவன் இருமினான்.

சாப்பாட்டு நேரத்தில் வாசலுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பியதாகக் கத்துனாவின் வம்சத்திலேயே கதை கிடையாது. "முதல்ல சாப்பிடுங்க" என்றாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மீசைக்காரன் மணிக்கட்டைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான், ரொட்டியைப் பார்த்தான். நான்கு ரொட்டியும் நின்ற வாக்கிலேயே காணாமல் போயின.

பிறகு அவளே கொட்டகையின் பெரிய கதவின் தாழ்ப்பாளை விலக்கிக் கொடுத்தாள். டிராக்டரில் மரத்தைப் பூட்டினார்கள். வாசல் தூணில் மரத்தின் வால் இடித்துவிடப் போகிறதே என்று ஓடிப்போய் இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளி, வளைவில் ஒழுங்காகத் திரும்ப வைத்தாள்.

"நில்லுங்க, நில்லுங்க! பின்னாடி சிவப்புத் துணி கட்டலையே! போலீஸ் பாத்தா விடுமா?" என்று மாடிக்கு ஓடி, தெக்லேயின் சிவப்பு மப்ளரை எடுத்து வந்து மரத்தின் நுனியில் கட்டியும் விட்டாள்.

மீசைக்காரன் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான். "அம்மா, என் வாழ்க்கையில உங்கள மறக்க மாட்டேன்."

அரை மணி கழித்து வீங்கிய கன்னத்தோடு வந்த புர்கி, திறந்து கிடந்த கொட்டகையைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"மரம் எங்கடி?"

"வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்களே."

"யாரு?"

"சிவப்பு மீசை வெச்ச ஒருத்தரு. ரொம்ப மரியாதையான மனுஷன்."

"வெண்டலின்! பக்கத்து ஊர் உண்டர்பிர்க் வெண்டலின்!" புர்கி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "திருடிட்டுப் போயிட்டானுங்கடி!"

கத்துனா உடனே போனை எடுத்தாள். புர்கி பாய்ந்து பிடுங்கினாள்.

"யாருக்குப் போடற?"

"போலீஸுக்கு."

"போலீஸா! அதுக்கு நாம ஊரைக் காலி பண்ணிட்டே போயிடலாம். மே மரம் திருட்டுக்குப் போலீஸைக் கூப்பிட்டா நூறு வருஷம் சிரிப்பானுங்க."

அப்புறம் ஒவ்வொன்றாக விளங்கியது. ஓர் ஊர் மரத்தை இன்னொரு ஊர் திருடலாம். அடிதடி கூடாது, மரத்துக்குச் சேதம் கூடாது. திருட்டுக் கொடுத்த ஊர் பீரும் சாப்பாடும் கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும். மரம் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் உள்ளூர்க்காரர் ஒருவர் அதன்மேல் கை வைத்து, 'மரம் இங்கேயே இருக்கும்' என்று சொல்லிவிட்டால் திருட வந்தவர்கள் விட்டுவிட்டுப் போயாக வேண்டும்.

குவிரின் வந்தார். ஆறடி உயரம், கழுத்து வரை சிவந்திருந்தது. "கதவைத் திறந்து விட்டீங்க, சரி. சாப்பாடு வேற போட்டீங்களாமே?"

"பசியோட இருந்தாங்க" என்றாள் கத்துனா.

"துணி வேற கட்டி விட்டீங்களா?"

கத்துனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. குவிரின் அதோடு விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று வேலையிலிருந்து வந்த மெராப் நடந்ததைக் கேட்டு முதலில் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "வேணும்னா நான் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வரட்டுமா?"

"எதுக்கு நீ? திறந்தது என் கை" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை உண்டர்பிர்க் விடுதியில் பேச்சுவார்த்தை. குவிரினும், புர்கியையும் சேர்த்து மூன்று பெரியவர்களும் கிளம்பினார்கள். கத்துனா நல்ல உடை உடுத்தி, காரின் பின்சீட்டில் புர்கிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். குவிரின் கண்ணாடியில் பார்த்தார். காரைக் கிளப்பினார்.

வெண்டலின் மேஜையின் தலைமாட்டில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். "இருநூறு லிட்டர் பீர். நாற்பது பேருக்குச் சாப்பாடு. அந்தம்மா சுட்ட ரொட்டி ஆளுக்கு ஒண்ணு."

"நூறு லிட்டர்" என்றார் குவிரின்.

"கதவைத் திறந்து, துணி கட்டி அனுப்பின மரம் ஐயா! திருட்டுன்னே சொல்ல முடியாது, சீதனம்!" கூடம் அதிரச் சிரித்தார்கள். குவிரின் தலையைத் தொங்கப்போட்டார்.

கத்துனா எழுந்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கத்துகிற பயணியிடம் பேசும் அதே குரல், தானாகவே வந்தது. "வெண்டலின், ஒரு விஷயம் கேக்கணும். வாசல் தூண் கிட்ட மரத்தைப் பிடிச்சது யாரு?"

"நீங்கதான். ரொம்ப உதவி."

"எத்தனை கை?"

"ரெண்டு."

"அப்ப மரம் ஊர் எல்லைக்குள்ள. நான் ஹாசல்ரீட்காரி. கை மரத்து மேல. இல்லையா?"

சிரிப்பு அடங்கியது. வெண்டலின் மீசையைத் தடவினான். "கை வெச்சா போதாதும்மா. 'மரம் இங்கேயே இருக்கும்'னு சொல்லணும்."

"அந்த வார்த்தை எனக்கு அன்னைக்குத் தெரியாது. இப்ப தெரியும். மொழி தெரியாதவ கை, கை இல்லையா?"

அவ்வளவுதான். கூடமே இரண்டாகப் பிரிந்தது. விதி விதிதான் என்றது ஒரு பக்கம். விதியில் கைதான் முதலில் வருகிறது, பேச்சு அப்புறம்தான் என்றது இன்னொரு பக்கம். உண்டர்பிர்க்கின் எண்பது வயதுக்காரர் ஒருவர், ஐம்பதுகளில் ஓர் ஊமை கை வைத்து மரத்தைக் காப்பாற்றியதாகச் சத்தியம் செய்தார். அந்த ஆள் ஊமையே இல்லை, குடித்திருந்தான் என்றார் அவருடைய தம்பி. ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். கத்துனா இவ்வளவு சந்தோஷமான சண்டையை இந்த நாட்டில் அதுவரை பார்த்ததில்லை.

கடைசியில் நூறு லிட்டரில் முடிந்தது. நாற்பது ரொட்டியை அவளே ஒப்புக்கொண்டாள். ஆனால் மாவு பிசைய உண்டர்பிர்க்கிலிருந்து நான்கு பேர் வர வேண்டும், மரம் நடும்போது அந்த எட்டுப் பேரும் தோள் கொடுக்க வேண்டும் என்றாள். மப்ளரைத் துவைத்துத் தர வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டாள். வெண்டலின் மேஜையைத் தட்டி ஒப்புக்கொண்டான்.

வெளியே வந்ததும் குவிரின் காரைத் திறக்காமல் நின்றார். "அன்னைக்கு உங்ககிட்ட நான் பேசினது சரியில்ல." கையை நீட்டினார். "நான் குவிரின். இனிமே 'நீ'ன்னே சொல்லு."

"நான் கத்துனா" என்று அவளும் கையைக் கொடுத்தாள். ஏழு மாதமாகத் தெரிந்த மனுஷனிடம் பெயர் சொல்வது வேடிக்கையாக இருந்தாலும், அது இங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

"கையைக் குடுப்பீங்களோ மாட்டீங்களோன்னு நினைச்சேன்" என்றார் குவிரின்.

"குடுப்பியோ மாட்டியோன்னு" என்று திருத்தினாள் புர்கி.

மே முதல் தேதி வெண்டலின் மாவு படிந்த கையோடு கத்துனாவின் சமையலறையில் நின்று, ரொட்டி ஏன் தனக்கு மட்டும் நடுவில் கிழிகிறது என்று புலம்பினான். "கோபத்தோட அடிக்காத, அது என்ன குவிரினா?" என்றாள் அவள். பத்து மணிக்கு வாத்தியக் கோஷ்டி வந்தது. நீளக் கவைக்கம்புகளால் முட்டுக் கொடுத்து, குவிரின் குரல் கொடுக்கக் கொடுக்க, மரம் சாண் சாணாக எழும்பியது. மெராப் வெண்டலினோடு ஒரே கம்பில் தோளைக் கொடுத்திருந்தான். மரம் நிமிர்ந்து நின்றபோது இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

மத்தியானம் மழை தூறியது. ஒருவரும் எழுந்து போகவில்லை. பீர் கோப்பை மேல் அட்டையை வைத்து மூடிக்கொண்டு பேசினார்கள். நீள பெஞ்சில் புர்கிக்கும் வெண்டலின் மனைவிக்கும் நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தாள் கத்துனா. இரண்டு பேரும் அவளைத் தாண்டி யாரையோ பற்றி வம்பு பேசிக்கொண்டிருந்தார்கள். பாதிதான் புரிந்தது. திருப்பிச் சொல்லுங்கள் என்று அவள் கேட்கவில்லை. அவர்கள் சிரித்த இடத்தில் அவளும் சேர்ந்து சிரித்தாள்.