வடக்கே பார்த்த ஆன்டெனா

செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுக்கு ஆன்டெனா பூட்ட வந்தவர் முதலில் எதிர்ப்பக்க நடைபாதையில் போய் நின்றார். மெலிந்த மனிதர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தெருவின் கூரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எல்லாற்றை ஆன்டெனாவும் தெற்குப் பக்கம் பாக்குது. நீங்கள் மட்டும் ஏன் வடக்குப் பக்கம் பூட்டச் சொல்லுறியள்?" என்று கேட்டார்.

"அம்மா கேம்பிரிட்ஜில அக்காவோட இருந்தவ. இப்ப என்னோட. அந்த ஊர்ச் செய்தி வேணுமாம். அது வடக்கை இருக்கிற டிவி கோபுரத்திலையிருந்துதான் வருது" என்றேன்.

நான் வாங்கி வைத்திருந்த அகலமான ஆன்டெனாவை அவர் பெட்டியோடு ஒதுக்கினார். "தூரத்துக்கு நீளமானதுதான் சரி, அண்ணை." தன்னுடையதைப் புகைபோக்கியில் உயரக் கட்டி, விரலளவு விரலளவாகத் திருப்பினார். படம் வந்தது.

இறங்கி வந்து அம்மாவிடம் மட்டும் சொன்னார்: "நல்ல வெயில் நாளிலை படம் உடையும், அம்மா. அது பழுதில்லை. பயப்பிடாதேங்கோ."

வெயிலுக்கு ஏன் படம் உடைய வேண்டும்? எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் திரை கட்டம் கட்டமாகச் சிதறும் நாட்களில் அம்மா உடனே அக்காவுக்குப் போன் எடுப்பார்.

"அங்கை நல்ல வெயில் போல. உடுப்புகளைத் தோய்ச்சுக் காயப்போடு, பிள்ளை."